சாலமோனின் வாரிசுகளும் மற்றவர்களும்: எத்தியோப்பிய வரலாறு, கேள்வி-பதில்

காபியின் பூர்வீகம் பற்றி எழுதியபோது போகிறபோக்கில் எத்தியோப்பியாவைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். காபியை விட்டுவிட்டு எல்லோரும் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

மனித இனமே எத்தியோப்பியாவில்தான் தோன்றியது என்கிறார்களே? அபிசீனியா என்பதும் அதே நாடுதானா?

1974-இல் அஃபார் பகுதியில் ஹதார் என்ற இடத்தில் கிடைத்த 'லூசி' எலும்புக்கூட்டுக்கு வயது சுமார் 32 லட்சம் ஆண்டுகள். உள்ளூரில் அவளை 'டிங்கினேஷ்' என்பார்கள். 'நீ அற்புதமானவள்' என்று பொருள். ஆனால் லூசியைக் காட்டி எத்தியோப்பியர்களை 'உலகின் மூத்த இனம்' என்பது சரியில்லை. அவள் ஒரு நாட்டுக்கு மட்டும் பாட்டி இல்லை.

பெயர் விஷயம் கொஞ்சம் குழப்பமானது. 'கருகிய முகத்தார்' என்ற பொருளில் எகிப்துக்குத் தெற்கே இருந்த எல்லோரையும் கிரேக்கர்கள் 'எத்தியோப்பியர்' என்றார்கள். பைபிளில் வரும் எத்தியோப்பியா பெரும்பாலும் இன்றைய சூடான் பக்கம் இருந்த கூஷ் நாடு. 'அபிசீனியா' என்பது 'ஹபெஷா' என்ற சொல்லிலிருந்து வந்தது. வடக்கு மலைநாட்டு மக்கள் இன்றும் தங்களை ஹபெஷா என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். தெற்கே போனால் பலர் அந்தப் பெயரை ஏற்பதில்லை. ஏன் என்று கீழே வரும்.

ஷேபா ராணி கதை உண்மையா?

கதை அருமையான கதை. மக்கேடா என்ற அரசி ஜெருசலேமுக்குப் போகிறாள். 'என் வீட்டில் எதையும் எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்' என்கிறார் யூதர்களின் ராஜா சாலமோன். அன்று இரவு விருந்தில் காரத்தைக் கொட்டிச் சமைத்திருக்கிறார்கள். நடுராத்திரி தாகம் தாங்காமல் அவள் தண்ணீர் குடிக்க, 'பார், சத்தியத்தை மீறிவிட்டாய்' என்று வந்து நிற்கிறார் ராஜா. அவர்களுக்குப் பிறந்தவன் முதலாம் மெனெலிக். அவன் காலத்தில்தான் பத்துக் கட்டளைப் பலகைகள் வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி எத்தியோப்பியாவுக்கு வந்ததாம். வடக்கே பழைய தலைநகரான அக்சுமில் ஒரு தேவாலயத்தில் அது இன்றும் இருப்பதாக அங்கே நம்புகிறார்கள்.

இந்தக் கதை முழு வடிவம் பெற்ற 'கெப்ரா நகஸ்த்' 14-ஆம் நூற்றாண்டு நூல். 1270-இல் யெகுனோ அம்லாக் என்பவர், லாலிபெலாவின் குடைவரைத் தேவாலயங்களோடு சேர்த்துப் பேசப்படும் ஸாக்வே வம்சத்தைக் கவிழ்த்து அரியணை ஏறினார். பிடித்த அரியணைக்கு ஒரு பரம்பரை வேண்டுமல்லவா? 'நாங்கள் புதியவர்கள் இல்லை, சாலமோனின் ரத்தம்' என்ற வாதத்துக்கு இந்தக் கதை கச்சிதமாகப் பொருந்தியது. 1955 அரசியல் சட்டம்கூடப் பேரரசரை சாலமோன்-ஷேபா வழிவந்தவர் என்றே சொன்னது.

ஒன்று மட்டும் உண்மை. செங்கடலுக்கு அக்கரையில், இன்றைய யேமனில் இருந்த சபா (அதாவது ஷேபா) நாட்டோடு இந்த மலைநாட்டுக்குத் தொடர்பு இருந்தது. யெஹாவில் கிறிஸ்துவுக்கு முந்தைய கற்கோயில் இன்றும் நிற்கிறது, சபா எழுத்துக் கல்வெட்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன.

இந்தியாவுக்கும் அவர்களுக்கும் பழங்காலத்தில் தொடர்பு உண்டா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்ரியக் கடல் பெரிப்ளூஸ்' நம் முசிறியைப் பற்றிப் பேசுவது பலருக்குத் தெரியும். அதே நூல் அக்சும் நாட்டின் துறைமுகமான அதுலிஸைப் பற்றியும் பேசுகிறது. அங்கிருந்து தந்தமும் ஆமை ஓடும் காண்டாமிருகக் கொம்பும் போயின. இந்தியாவிலிருந்து இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அங்கே வந்து இறங்கின. அக்சும் சொந்தமாகத் தங்கக் காசு அடித்த நாடு. 4-ஆம் நூற்றாண்டில் எசானா மன்னர் கிறிஸ்தவரானதும் காசில் இருந்த பிறைநிலா போய்ச் சிலுவை வந்தது. மதம் மாறிய காலத்தைச் சில்லறையிலேயே படிக்கலாம்! கயிறு பிடித்து ஏற வேண்டிய தெப்ரெ தாமோ மலை மடத்தில் நம் குஷாண மன்னர்களின் தங்கக் காசுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன.

அடுத்து வாஸ்கோ ட காமா. அவர் மகன் கிறிஸ்தோவாவ் ட காமா 1541-இல் 400 துப்பாக்கி வீரர்களோடு செங்கடல் துறைமுகமான மசாவாவில் இறங்கினார். கப்பல்கள் கிளம்பியது நம் கோவாவிலிருந்து. அப்போது முஸ்லிம் படைத்தலைவர் இமாம் அஹ்மத் கிறிஸ்தவ அரசின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டிருந்தார். கிறிஸ்தோவாவ் மறு ஆண்டே பிடிபட்டுத் தலை இழந்தார். 1543-இல் மிஞ்சிய போர்ச்சுக்கீசியரும் கெலாவ்தேவோஸ் பேரரசரின் படையும் சேர்ந்து தாக்கியதில் இமாமும் இறந்தார்.

அங்கிருந்து இங்கே வந்தவர்களில் பெரிய ஆள் மாலிக் அம்பர். அடிமையாக விற்கப்பட்டுப் பல கை மாறித் தக்காணம் வந்து, அகமதுநகர் அரசையே கையில் வைத்திருந்தார். பின்னாளில் ஔரங்காபாத் ஆன கட்கி நகரம் அவர் அமைத்ததுதான். முகலாயர்களுக்குத் தலைவலியாகவே இருந்தார். அம்பரின் வெட்டுண்ட தலையில் தான் அம்பு எய்வதுபோல ஜஹாங்கீர் ஒரு படம் வரைய வைத்தார். நிஜத்தில் அந்தத் தலை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அம்பர் 1626-இல் வயதாகித்தான் இறந்தார்.

பெருமைப்பட முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1868-இல் பிரிட்டன் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைத் தாக்கியபோது, பம்பாயிலிருந்து கிளம்பிய படையில் 44 யானைகளும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் இருந்தன. தெவோத்ரோஸ் பேரரசர், விக்டோரியா ராணி பரிசளித்த கைத்துப்பாக்கியாலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். அங்கே கொள்ளைபோன சுவடிகளில் பல இன்னும் லண்டனில் இருக்கின்றன.

அவர்கள் எழுத்து பார்க்க வித்தியாசமாக இருக்கிறதே?

நமக்கு ரொம்ப வித்தியாசமில்லை. கெயெஸ் என்ற அவர்களின் பழைய மொழியின் எழுத்தில் ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களுக்கு ஏற்ப உருமாறும். நம் உயிர்மெய் வரிசை மாதிரியேதான். தமிழ் போன்ற எழுத்து முறைகளுக்கு மொழியியலில் 'அபுகிடா' என்று பெயர். அந்தச் சொல்லே கெயெஸ் எழுத்துப் பெயர்களிலிருந்து எடுத்தது. கெயெஸ் மொழி இன்று தேவாலயத்தில் மட்டும்தான். இன்று பேசும் மொழிகளான அம்ஹாரிக்கும் திக்ரின்யாவும் அந்த எழுத்தில் எழுதப்படுகின்றன. தெற்கத்தி ஒரோமோ மக்களின் மொழிக்கு 1991-க்குப் பிறகு லத்தீன் எழுத்தையே தேர்ந்துகொண்டார்கள். அதிலும் அரசியல் உண்டு.

எத்தியோப்பியா முழுக்கக் கிறிஸ்தவ நாடா?

இல்லை. 2007 கணக்கெடுப்பில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் சுமார் 43 சதவீதம், முஸ்லிம்கள் சுமார் 34 சதவீதம். இஸ்லாம் அங்கே மெக்காவுக்கு அடுத்த வயதுடையது. கி.பி. 615 வாக்கில், நபிகளின் தோழர்கள் சிலர் மெக்காவின் தொல்லை தாங்காமல் அடைக்கலம் தேடிப் போனது அக்சும் மன்னரிடம்தான்.

அடிமைப்படாத ஒரே ஆப்பிரிக்க நாடு என்று படித்தேன். உண்மைதானே?

லைபீரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி பெருமைக்குக் காரணம் இருக்கிறது. இத்தாலியோடு செய்த 1889 வுச்சாலே ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவு, வெளிநாட்டு உறவுகளுக்குப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் இத்தாலியின் உதவியை 'நாடலாம்' என்று அம்ஹாரிக் பிரதியில் சொன்னது. இத்தாலியப் பிரதியில் அது 'நாட வேண்டும்' என்று இருந்தது. ஒரு வினைச்சொல்லில் நாட்டைச் சுருட்டப் பார்த்தார்கள். மெனெலிக் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். 1896 மார்ச் 1 அன்று அட்வா மலைகளில் இத்தாலியப் படை நொறுங்கியது. மெனெலிக்கின் மனைவி தாய்து பேரரசியும் படையோடு களத்தில் இருந்தார். ஒரோமோ வீரர்கள் உட்படப் பல இனத்தாரும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

ஆனால் இதே மெனெலிக், இதே ஆண்டுகளில், தெற்கே ஒரோமோ, வொலாய்தா, கஃபா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த இடங்களில் குடியேறிய வடக்கத்திப் படையாட்களுக்கு 'நெஃப்தென்யா' என்று பெயர், அதாவது துப்பாக்கிக்காரர். நிலத்தை உழுத உள்ளூர்க் குடியானவர்கள் அவர்களுக்கு வரி கட்டி, ஊழியமும் செய்ய வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை தலைமையை மாற்றும் 'கடா' என்ற ஏற்பாட்டை வைத்திருந்த ஒரோமோ மக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? வடக்கில் மெனெலிக் விடுதலை நாயகன், தெற்கில் பலருக்கு ஆக்கிரமிப்பாளர். என்னைக் கேட்டால், இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதவருக்கு எத்தியோப்பிய வரலாறு பாதிதான் தெரியும்.

1936 முதல் 1941 வரை இத்தாலி ஆண்டதே என்பீர்கள். ஆமாம், விமானத்திலிருந்து கடுகு வாயுவைக் கொட்டிப் பிடித்தார்கள். ஆனால் மலைகளில் கெரில்லாப் போர் ஓயவே இல்லை. அதனால் எத்தியோப்பியர்கள் அதை 'ஆக்கிரமிப்பு' என்பார்கள், 'காலனி ஆட்சி' என்று சொன்னால் கோபம் வரும்.

ஹைலி செலாசி நல்லவரா, கெட்டவரா?

எத்தியோப்பியாவின் கடைசிப் பேரரசர். 1936-இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் நின்று தன் நாட்டுக்கு நீதி கேட்டவர். 1963-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அடிஸ் அபாபாவில் பிறக்கக் காரணமானவர். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, ஏராளமான ஆசிரியர்கள் அங்கே போய்ப் பாடம் நடத்தியதும் அவர் காலத்தில்தான். நிலத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 1965-இல் மாணவர்கள் 'உழுபவனுக்கே நிலம்' என்று தெருவில் இறங்கினார்கள். இந்த முழக்கத்தை நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம். 1973-இல் வொல்லோவில் பஞ்சம், அரசு அதை மூடி மறைத்தது. 1974 செப்டம்பரில் ராணுவத்தின் 'தெர்க்' குழு வந்து, அரண்மனையிலிருந்து பேரரசரை ஒரு வோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போனது.

தெர்க் மறு ஆண்டே நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. அப்புறம் தெர்க் தலைவர் மெங்கிஸ்து ஆட்சியில், எதிர்த்தவர்களைக் கொன்று குவித்த 'செம்பயங்கரம்', 1983-85 பெரும் பஞ்சம். அவர் 1991-இல் ஜிம்பாப்வேக்கு ஓடினார்.

இன்று ஏன் இவ்வளவு சண்டை?

1995 அரசியல் சட்டம் நாட்டை இனவாரி மாநிலங்களாகப் பிரித்தது. 39-ஆவது பிரிவு பிரிந்துபோகும் உரிமையையே தருகிறது. தெற்கத்தி மக்கள் பலருக்கு இது மெனெலிக் காலத்துக் கணக்கைத் தீர்க்கும் வழி. மற்றவர்களுக்கு நாட்டை உடைக்கும் கோடாலி. எரித்ரியா 1993-லேயே தனி நாடாகிவிட்டது, எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. எரித்ரியாவோடு சமாதானம் செய்த பிரதமர் அபி அகமதுக்கு 2019-இல் நோபல் பரிசு. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே வடக்கு மாநிலமான திக்ரேயில் போர் வெடித்து, 2022 பிரிட்டோரியா உடன்பாடு வரை நீடித்தது.

அங்கே இப்போது என்ன வருடம்?

நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். பதின்மூன்று மாதம், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள்தான். இரண்டாயிரமாவது ஆண்டை அவர்கள் கொண்டாடியது 2007 செப்டம்பரில். கடிகாரமும் சூரிய உதயத்திலிருந்து ஓடும், காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. போகிறவர்கள் பஸ் டிக்கெட் வாங்கும்போது 'உங்கள் மணியா, எங்கள் மணியா' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.