கான்செப்ட் கார் எப்படித் திரும்பும்?

வணக்கம். சின்ன வயதிலிருந்தே கார் வரைகிறேன். இப்போது கான்செப்ட் வண்டிகள், அதாவது புது யோசனையைக் காட்டும் மாதிரி வண்டிகள். தரையை ஒட்டிய பாடி, நான்கு சக்கரமும் பாதி மூடியபடி ஒன்றை வரைந்து, மெக்கானிக்கல் படித்த நண்பனிடம் காட்டினேன். “அழகா இருக்கு. ஆனா இது எப்படித் திரும்பும்?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கற்பனைக் காருக்கும் பொறியியல் வேண்டுமா? வேண்டுமென்றால் எவ்வளவு?

ர.

அன்புள்ள ர.,

நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 65 செ.மீ. விட்டம், 20 செ.மீ. அகலம் உள்ள ஒரு டயர். நேராக நிற்கும்போது மேலிருந்து பார்த்தால் அதற்கு 20 செ.மீ. அகலம் போதும். 35 டிகிரி திருப்பினால் ஏறக்குறைய 54 செ.மீ. கேட்கும். பக்கத்துக்கு 17 செ.மீ. கூடுதல். வெளிப்பக்கம் உங்கள் மூடி இடிக்கும். உள்பக்கம் ஓட்டுபவரின் பாதம் இருக்கும். பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்க மேலேயும் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் நாலு பேர் இறங்கி வண்டியைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். நானும் அப்படிச் சில கார்கள் வரைந்தவன். பின்சக்கரத்தைத் தாராளமாக மூடுங்கள், அது திரும்பப் போவதில்லை.

எவ்வளவு பொறியியல் என்றால், பட்டம் வாங்கும் அளவுக்கு வேண்டாம். வரையும் வரிசையை மாற்றினாலே பாதி வந்துவிடும். முதலில் சக்கரம், அப்புறம் ஆள், அப்புறம் எஞ்சின் அல்லது பேட்டரி. பாடி கடைசியில். சக்கரத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: சாதாரணக் காரில் முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில் சுமார் மூன்று சக்கரம் பிடிக்கும்.

ஆளைத்தான் எல்லோரும் மறக்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை சுமார் 90 செ.மீ. 1970இல் பெர்டோனே என்ற இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனத்தில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்த லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ என்ற கான்செப்ட் காரைப் பாருங்கள். காரின் மொத்த உயரமே 84 செ.மீ.தான்! ஆகவே ஆளைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தார்கள். பக்கக் கதவு கிடையாது. முன் கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே போக வேண்டும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். பார்க்க விண்கலம் மாதிரி இருக்கும், ஆனால் ஓடிய கார். அந்த விசித்திரத்தில் பாதி, ஆளை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை.

மின்சாரக் காரில் தொல்லை வேறு. பேட்டரி தரைக்கு அடியில் போவதால் தளம் உயரும், இருக்கை உயரும், கூரையும் உயரும். அந்த உயரத்தைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டத்தான் பெரிய பெரிய சக்கரமாக மாட்டுகிறார்கள்.

உங்கள் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதே காரை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு முறை வரையுங்கள். முன் டயர் இரண்டையும் திருப்பி வையுங்கள். பாடி எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கோட்டை வெளியே தள்ளுங்கள். அப்புறம் அந்த நண்பரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள், அடுத்து “இதுல எப்படி ஏறி உட்காருவது?” என்று கேட்பார்.