எந்த வருஷம்னு கேக்காதீங்க

அன்புள்ள சார், ரெண்டு வாரமா பைபிள்ல ஆமோஸ் தீர்க்கதரிசி புத்தகம் படிக்கறேன். நியாயத்தீர்ப்பு, பூமியதிர்ச்சி, இஸ்ரவேல் தலைநகர் சமாரியா அழியறது எல்லாம் படிச்சிட்டு டிவி நியூஸ் பாத்தா பயமா இருக்கு. இது இப்ப நடக்கப்போறதுக்காக எழுதினதா? யூடியூப்ல ஒருத்தர் வருஷமே கணக்கு போட்டு சொல்றார். நம்பலாமா?

தம்பி,

யூடியூப்காரரை விடுங்க. அந்த பூமியதிர்ச்சி ஆமோஸ் பேசி ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சுன்னு முதல் வசனத்துலயே இருக்கு, பாத்துக்கோங்க. உங்க லெட்டர் வந்தப்ப நானும் ஆமோஸ் எட்டாம் அதிகாரத்துலதான் இருந்தேன், அதான் எழுதறேன்.

பயம் தப்பில்ல. ஆனா படிச்ச லட்சணம் இருக்கே! ஊர் அழியறதுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுட்டு ஏன் அழியுதுங்கறத தாண்டிப் போயிட்டீங்க. ஆமோஸ் யூதா நாட்டு தெக்கோவா ஊர்ல ஆடு மேய்ச்சவர், காட்டத்தி மரம் பாத்தவர். அவர் போய் பேசினது இஸ்ரவேல் ராஜா இரண்டாம் யெரொபெயாம் காலத்துல, நாட்டுல பணம் புரண்டப்ப, தந்தக் கட்டில்ல சாஞ்சு பாட்டு கேட்டுட்டிருந்தவங்க கிட்ட (சமாரியாவைத் தோண்டினப்ப தந்தத் துண்டுங்க நெஜமாவே கெடச்சுது). பெத்தேல் கோயில் ஆசாரியன் அமத்சியா, யூதாவுக்கு ஓடு, அங்க போய் பொழச்சுக்கோன்னு வெரட்டினான். கிமு 722 வாக்குல அசீரியாக்காரன் சமாரியாவைப் புடிச்சான்.

அப்படி என்ன குத்தம் பண்ணாங்க? ஓய்வுநாள் எப்ப முடியும், தானியத்தை எப்ப விக்கலாம்னு தவிக்கறான் வியாபாரி. அளவைக் கொறச்சு, வெள்ளி நிறுக்கற சேக்கல் கல்லைக் கனமாக்கி, பதரையும் சேத்து வித்து, ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு வாங்கறான். எபிரேயத்துல எப்பான்னு இருக்கற அளவை நம்ம பைபிள்ல மரக்கால்னு போட்டிருக்காங்க. அந்த ஒரு வார்த்தைக்கு மேல என்னால நகர முடியல.

எங்க தாத்தா நெல் வியாபாரி. வீட்டுல ரெண்டு மரக்கால், களத்துல வாங்க ஒண்ணு, கடையில விக்க ஒண்ணு. பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டு வயசுல மணல் ரொப்பி வெளையாடறப்ப, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுல கொட்டினா ரெண்டு கை மணல் வழியுது. ஏதோ கண்டுபுடிச்ச மாதிரி கத்திக்கிட்டே ஓடி தாத்தாட்ட சொன்னேன். அடிக்கல. ரெண்டையும் வாங்கி பரண்ல வச்சுட்டு, யார்ட்டயும் சொல்லாத ராசான்னார். கோயில்ல முதல் பெஞ்சு அவருக்குத்தான், எங்க எல்லாரையும் படிக்க வச்சவர், அந்த ஃபீஸ்ல எவ்ளோ அந்த ரெண்டு கையிலேர்ந்து வந்துச்சோ. அன்னிக்கு ஒரு அச்சுவெல்லம் குடுத்தார். அங்கேயே நின்னு தின்னுட்டுதான் போனேன்.