மேக்ரோ லென்ஸ் இல்லாமல், வீட்டுச் சாமான்களை வைத்தே சின்னப் பொருட்களை நெருக்கமாகப் படம் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். கேட்டவரிடம் ஒரு பழைய கேமராவும் அதோடு வந்த 18-55 மிமீ ஜூம் லென்ஸும் (கிட் லென்ஸ் என்பது இதைத்தான்) இருக்கிறது, மேக்ரோ லென்ஸ் விலையைப் பார்த்துவிட்டு நொந்துபோய் இங்கே வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். மொபைல் மட்டும்தான் என்றால் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

எனக்குத் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். சந்திரிகையிலிருந்து, அதாவது புழு கூடு கட்டுகிற தட்டியிலிருந்து, கூடு எடுக்கிற நாளில் நல்லதாக ஒன்றிரண்டை ஒதுக்கி வைத்துப் படம் எடுப்பேன். "விக்கிற கூட்டுக்கு எதுக்குடா போட்டோ?" என்று அம்மா கேட்காத தடவை கிடையாது. அந்தப் படங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் "எந்த மேக்ரோ லென்ஸ்?" என்றார். கிட் லென்ஸைத் திருப்பி மாட்டினேன் என்றதும் "அதுல ஷார்ப்னஸே வராதுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதுவரை அவருக்கு அந்தப் படம் ஷார்ப்பாகத்தான் தெரிந்திருக்கிறது!

என்னுடையது கேனான் 600டி. அதன் 18-55 லென்ஸின் முன்வாய் 58 மிமீ. அதே அளவில் ரிவர்ஸ் ரிங் ஒன்று வாங்கினால் லென்ஸை முன்பக்கம் உள்ளே போகிற மாதிரி திருப்பி மாட்டலாம். காசு செலவு அது ஒன்றுதான். இப்படி மாட்டினால் கணக்கு தலைகீழ்: 55-ல் உருவம் சிறிது, 18-க்கு வர வரப் பெரிது. பொருள் லென்ஸிலிருந்து நாலைந்து சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஃபோகஸ் வளையம் பெரிதாக உதவாது. கேமராவை ராகிப் பை மேல் அசையாமல் உட்கார வைத்து, பொருளை ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, நோட்டை மெதுவாக இழுத்துத்தான் ஃபோகஸ் பிடிக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

திருப்பி மாட்டிய லென்ஸில் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, கேமராவால் மாற்ற முடியாது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. லென்ஸ் நேராக இருக்கும்போதே எஃப் 8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை (துளையைச் சுருக்கிக் காட்டும் பட்டன்) அழுத்திப் பிடித்தபடி கழற்றினால் உள்ளே துளையைச் சுருக்கும் இதழ்கள் அதே அளவில் நின்றுவிடும். எஃப் 22 வரை போகாதீர்கள், படம் முழுக்க மழுங்கிவிடும். "சென்சாரில் தூசி போகும், லென்ஸின் பின்கண்ணாடி கீறும்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும் ஐயா, கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன்.

லென்ஸை விட எனக்கு வெளிச்சமும் அடித்தளமும்தான் முக்கியம். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் அறுக்கிற பட்டறையில் பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதன் மேல் வெள்ளைக் கூட்டை வைத்துப் பாருங்கள், நிழல் போல ஒரே ஒரு பிரதிபலிப்பு விழும். முகம் பார்க்கும் கண்ணாடியில் வைத்தால் மேற்பரப்பிலிருந்து ஒன்று, பின்பூச்சிலிருந்து ஒன்று என்று இரட்டையாக விழுந்து அசிங்கமாகிவிடும்.

விளக்கு, சாதாரண எல்இடி டார்ச். அதை நேராக அடித்தால் கூடு வெறும் வெள்ளைப் பொட்டுதான். பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, குறுக்கே அப்பாவின் பழைய வேட்டியை ஒரு மடிப்பு மடித்துத் தொங்கவிடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு. அப்போதுதான் இழைகள் எழுந்து வரும். புழு தலையை எட்டு எட்டாக ஆட்டி நூல் விட்டதெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக, கயிற்றுக் கட்டிலைத் தாறுமாறாகப் பின்னியது போலத் தெரியும். வெள்ளைப் பொருள் படம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்றிக்கொள்ளுங்கள்.

ராகி என்றால் ஊசி முனையில் ஃபெவிகால் பொட்டு வைத்து ஒரு மணியை ஒட்டி நிறுத்துங்கள். செங்கல் நிறத் தோலில் புள்ளிப் புள்ளியாகச் சொரசொரப்பு இருப்பதும், ஓரத்தில் உமி ஒட்டியிருப்பதும் தெரியும். தினம் களி தின்கிற எனக்கே அதுவரை அது தெரியாது.

கேமரா வைத்திருக்கிறீர்கள் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் "நம்ம பையன்தானே" என்று கூப்பிடுவார்கள். காலை நாலு மணிக்கு எழுந்து போய் நின்றால் சாப்பாட்டுப் பந்தியில் கூட கடைசி. ஒரு மாமா ஆல்பம் போட்ட செலவையும் என் தலையில் கட்டினார். அதே மாமா என் கூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு போட்டோவா, மனுசங்களே இல்லியே" என்றார்.

மொபைல்காரர்களுக்கு: உடைந்த லேசர் டார்ச்சின் முனையில் குட்டி லென்ஸ் ஒன்று இருக்கும். கொண்டை ஊசியின் இடுக்கில் செருகி, மொபைல் கேமராவுக்கு நேராக டேப் போட்டு ஒட்டுங்கள். ஓரிரு சென்டிமீட்டர் நெருங்கினால் போதும். படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெளிவாக வரும், ஓரத்தை வெட்டிவிடுங்கள். டார்ச், வேட்டி, கிரானைட் எல்லாம் உங்களுக்கும் அதேதான்.