கடனும் பதகளிப்பும் சேர்ந்து வந்தால் வீட்டுக் கணக்கை எங்கிருந்து பிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: கிளிநொச்சிப் பக்கம் வீடு. கணவருக்கு மேசன் வேலை, கூடவே ஒரு ஏக்கர் வயல். குழுக்கடன் (பெண்கள் குழுவாக ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்று எடுக்கும் நுண்கடன்) இரண்டு, வங்கியில் அடைவில் நகை, கடைக்கொப்பியில் பாக்கி, ஊரில் ஒருவரிடம் மாத வட்டிக்கு 20,000. தொலைபேசி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, இரவில் நித்திரை இல்லை, கணக்குக் கொப்பியைத் திறக்கவே கை வருவதில்லை. எதிலிருந்து தொடங்குவது?

உடம்பிலிருந்து. படபடப்பும் மூச்சு முட்டலும் இரத்தச்சோகையாலும் வரும், தைரொயிட்டாலும் வரும், இதயத்தாலும் வரும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். அவை சரியென்றால் உளநலப் பிரிவுக்குப் போகக் கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இந்தச் சேவை உண்டு, காசு இல்லை. போரைக் கண்ட மண்ணில் படலையில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தத்துக்கே உடம்பு திடுக்கிடுவது கோழைத்தனம் அல்ல. பதகளிப்புக்கு மருந்து தந்தால் அது பிடிக்க 2 முதல் 4 கிழமை எடுக்கும், முதல் நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும். அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்மசியில் கேட்டு வாங்கும் நித்திரைக் குளிசை வேறு சாமான், அது பழக்கமாகிவிடும்.

“நான் இல்லாவிட்டால் கடன் முடியும்” என்ற நினைப்பு ஒருதரம் வந்திருந்தாலும் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசலாம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, களைநாசினியை வீட்டில் வைக்காமல் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இதைக் கணக்கு வேலைக்கு முன்னால் செய்யுங்கள்.

இனிக் கணக்கு. பதகளிப்பு கணக்கில் செய்விக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: சத்தம் கூடிய கடனுக்கு முதலில் காசு போகும். வாசலில் வந்து உட்காருபவருக்கும் போனில் ஏசுபவருக்கும் கொடுத்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். அந்த ஆறுதலுக்காகவே கூடிய வட்டிக் கடன் தொடாமல் கிடந்து வளரும், அல்லது அரிசிக் காசு போய்விடும். எந்தக் கடனுக்கு முதலில் கட்டுவது என்பதைப் பயம் இல்லாத ஒரு நேரத்தில் எழுதி வைத்தால்தான் பயம் வரும்போது அதைப் பார்த்து நடக்கலாம்.

அந்த நேரம் இரவு அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, 30 நிமிடம், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க. ஒரு சீ.ஆர். கொப்பியில் கடனுக்கு ஒரு பக்கம். முதல் நாள் யாரிடம் என்பதை மட்டும் எழுதிவிட்டு மூடலாம். அடுத்த நாள் தொகைகள்: எடுத்தது எவ்வளவு, உண்மையில் கையில் கிடைத்தது எவ்வளவு, இன்று மீதி, தவணைத் திகதி, பிணை நின்றவர், தவறினால் என்ன நடக்கும். எழுதும்போது நெஞ்சு அடித்தால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். பயம் உச்சத்தில் நிற்கும்போது கொப்பியை மூடினால் அடுத்தமுறை திறப்பது இன்னும் கடினம். கொஞ்சம் இறங்கும்வரை இருந்து மூடுங்கள். மற்ற நேரத்தில் யோசினை வந்தால் துண்டில் ஒரு வரி எழுதி, கொப்பி நேரத்துக்குத் தள்ளுங்கள்.

வட்டியைச் சொன்ன வீதத்தில் பார்க்காதீர்கள். குழுக்கடன் 50,000, ஆண்டுக்கு 24 வீதம், 52 கிழமை என்றால் மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192. ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதல் (வாங்கிய தொகையின் மீதி) குறைந்துகொண்டு போக, வட்டி மட்டும் முழு 50,000க்கும் போடப்படுகிறது. குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 44 வீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்னால் கழித்திருந்தால் இன்னும் கூடும். மாத வட்டிக்காரரின் நூற்றுக்குப் பத்து அதைவிடக் கொடியது: 20,000க்கு மாதம் 2,000, பத்து மாதத்தில் 20,000 கட்டியிருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். வங்கி அடைவு இந்த மூன்றிலும் மலிவு. கடைப்பாக்கிக்கு வட்டி இல்லை.

ஆகவே அரிசி, மருந்து, பள்ளிக்கூடச் செலவு, கரண்ட், கணவர் வேலைக்குப் போகும் பெற்றோல் எடுத்து வைத்த பிறகு, குழுக்கடன் தவணையையும் அடைவு வட்டியையும் விடாமல் கட்டி, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் மாத வட்டிக் கடனின் முதல் தொகையைக் குறைக்கப் போட வேண்டும். “கொஞ்சம் கொஞ்சமாக முதல் வாங்கமாட்டேன்” என்று வட்டிக்காரர் சொல்வார், ஏனென்றால் அவருக்கு வரும் வட்டி குறையும். ஊரில் இரண்டு பெரியவர்களை வைத்துப் பேசி, கொடுத்த தொகையும் திகதியும் கையெழுத்தாக வாங்குங்கள்.

கடன் எடுத்துக் கடன் கட்டுவது ஒரு நிலையில் மட்டும் சரி: மலிந்த கடனால் கூடிய வட்டிக் கடனை அன்றே முழுதாக முடித்து, எழுதிக்கொடுத்த தாளைத் திருப்பி வாங்கினால். சிக்கன கடன் வழங்கு கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ அங்கத்தவராக இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். பாதியைக் கட்டிவிட்டு மீதியைச் செலவழித்தால் ஒரு கடன் இரண்டாகும். நகையும் அப்படித்தான். மீட்க வழியே இல்லாத உருப்படிகளுக்கு ஆண்டாண்டாக வட்டி கட்டி ஏலத்தில் விடுவதைவிட, ஒன்றை மீட்டு விற்று மற்றதைக் காப்பாற்றுவது மேல். தாலிக்கொடியை விற்கச் சொல்லவில்லை. அதற்கு முதல் காப்பையும் சங்கிலியையும் பாருங்கள். சீட்டும் கடன்தான் என்பதை மறக்க வேண்டாம்: 20 பேர், மாதம் 5,000 என்ற ஒரு இலட்சச் சீட்டை ஆரம்பத்தில் 25,000 கழிவுக்கு எடுத்தால் கையில் 75,000, கட்டுவது அதைவிடக் கூட.

குழுக்கடன் ஏன் வன்னியில் இவ்வளவு நெரிக்கிறது என்றால், தவணை கிழமைக்குக் கிழமை, வருமானம் போகத்துக்குப் போகம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையால் மேசன் வேலை குறையும். அதே மாதங்களில்தான் காலபோகத்துக்கு (மழைக்கால நெற்செய்கைக்கு) உழவு, விதைநெல், பசளை. பின்னால் தையில் புதுக் கொப்பி, சப்பாத்து. புதுக் கடன்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் விழும். நாட்கூலி 4,000 என்று வைத்தால், வெயில் மாதத்தில் 22 நாள் வேலைக்கு 88,000, மழை மாதத்தில் 12 நாளுக்கு 48,000. வீட்டின் மாறாத செலவுகள் அந்த 48,000க்குள் அடங்க வேண்டும். மேலே சொன்ன அளவுக் குழுக்கடன் இரண்டுக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 10,300 போய்விடும். வெயில் மாதத்து மிச்சத்தை மாத வட்டிக் கடனுக்கும் மழைக்காலப் பெட்டிக்கும் பிரியுங்கள். முழுவதையும் கடனுக்குக் கொடுத்தால் ஐப்பசியில் மறுபடி அதே வாசலில் நிற்க வேண்டி வரும்.

நெல் அறுத்ததும் களத்திலேயே ஈரத்தோடு கடன்காரருக்கு அளந்து கொடுத்துவிடாமல், சாப்பாட்டு நெல்லை முதலில் ஒதுக்குங்கள். நாலு பேருக்கு நாளுக்கு 1.2 கிலோ அரிசி என்றால் மாதம் 36 கிலோ, அதற்கு நெல் 55 கிலோ, ஆறு மாதத்துக்கு 330 கிலோ. கடைக்கடனில் அரிசி, மா, சீனி, பருப்பு தவிர வேறு எழுதவேண்டாம். ரீலோட்டும் பிஸ்கட்டும் கைக்காசுக்கு மட்டும்.

தவணை தவறப்போவது தெரிந்தால், தவறும் முன்னரே நிறுவனத்தின் கிளைக்கு எழுதிக் கொடுங்கள்: கடன் இலக்கம், இதுவரை கட்டியது, இப்போதைய வருமானம், கிழமைக்கு எவ்வளவு கட்ட முடியும், எந்த மாதம் வரை. கடிதத்தின் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். முடிக்கும் தொகை எவ்வளவு என்ற கணக்குத்தாளும் கேளுங்கள். குழுப்பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் தவணை அவர்கள் தலையில் விழும் என்பதால்தான் கோபம் வருகிறது. வெற்றுத்தாளிலோ தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்து வேண்டாம். இரவில் வந்து இருப்பது, தகாத வார்த்தை பேசுவது நடந்தால் திகதி, நேரத்தோடு கொப்பியில் எழுதி, மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம். மிரட்டல் என்றால் பொலிஸ். “அரசாங்கம் கடனை வெட்டும்” என்ற கதையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். 2018 இல் வந்த நிவாரணமும் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு என்று எல்லையோடுதான் வந்தது.

தொலைபேசிக்கு: கடன் சம்பந்தமானவர்களிடம் “காலை 10 முதல் 11 வரை எடுப்பேன்” என்று சொல்லி அதன்படியே எடுங்கள். சொந்தக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேறு மணியோசை வையுங்கள், மற்றவை சத்தமில்லாமல் இருக்கட்டும். எடுக்காமலே விடுவது பயத்தை வளர்க்கும்.

கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடன் ஏதும் இருந்தால் அதற்கும் ஒரு பக்கம் போடுங்கள். ஒளித்த கடனுக்குத்தான் கூடிய வட்டி கட்டுகிறோம், கேள்வி கேட்க ஆள் இல்லாததால். அவர் வேலையால் களைத்து வந்த நேரத்திலும் குடித்திருக்கும்போதும் சொல்லவேண்டாம். லீவு நாள் காலையில், இருவரும் மதிக்கும் ஒரு அண்ணனையோ மாமியையோ கூட இருத்தி, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கை ஓங்குவார் என்ற பயம் இருந்தால் முதலில் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய்ப் பேசுங்கள்.