கூப்பர் கொண்டுபோன பணம் யாருடையது? கேள்வி பதில்

கேள்வி: 1971-இல் அமெரிக்காவில் டி.பி. கூப்பர் விமானத்தைக் கடத்தி வாங்கிய 2 லட்சம் டாலர் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? பணம் தந்த வங்கிக்கா?

பதில்: வங்கிக்கு இல்லை. சியாட்டில் வங்கி 20 டாலர் தாள்களாக எண்ணிக் கொடுத்தது, நார்த்வெஸ்ட் ஓரியண்ட் விமான நிறுவனம் கேட்டதற்காக. ஆகவே நட்டம் விமான நிறுவனத்துக்கு. கூப்பர் பணத்தோடு பாராசூட்டில் குதித்ததால் அது அவருடையதாகி விடாது.

கேள்வி: காப்பீட்டு நிறுவனம் எப்படி உள்ளே வந்தது?

பதில்: உரிமை விவகாரத்தின் முடிச்சே இதுதான். விமான நிறுவனம் குற்ற இழப்புக் காப்பீடு வைத்திருந்தது. காப்பீட்டாரான குளோப் இண்டெம்னிட்டி பணம் தர மறுத்ததால் வழக்கு மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-இல் தீர்ப்பு விமான நிறுவனத்தின் பக்கம். முதல் 20,000 டாலர் நிறுவனத்தின் பொறுப்பு, மீதி 1,80,000 காப்பீட்டாரின் பொறுப்பு. நட்டஈடு கொடுத்தவர், கொடுத்த அளவுக்கு, இழந்தவருடைய இடத்தில் வந்து நிற்பார். அப்புறம் எங்கே எந்த நோட்டு கிடைத்தாலும் அவர் உரிமை கோரலாம்.

கேள்வி: அப்படியானால் ஆற்றங்கரையில் பணத்தைக் கண்டெடுத்த பையனுக்கு எப்படிப் பங்கு கிடைத்தது?

பதில்: 1980 பிப்ரவரியில், கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற இடத்தில், தீ மூட்ட மணலைச் சமன்படுத்திய எட்டு வயதுப் பையனின் கையில் மூன்று கட்டுகள் அகப்பட்டன. ஓரங்கள் அரித்துப்போயிருந்தாலும் ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. மொத்தம் 5,800 டாலர். கூப்பருக்குக் கொடுத்த நோட்டுகள் பற்றிய எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) பட்டியலில் இருந்த எண்களோடு இந்த நோட்டுகளின் எண்கள் ஒத்துப்போயின.

கண்டெடுத்தவரின் உரிமை உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோருக்கும் எதிராகச் செல்லுபடியாகும். 1722-இல் இங்கிலாந்தில் புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகை வழக்கில் நிலைத்த விதி இது. இங்கேயோ உரிமையாளரின் இடத்தில் காப்பீட்டார் நின்றார். கறாராகப் பார்த்தால் பையனின் வாதம் பலவீனமானதுதான். ஆனாலும் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1986-இல் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. 14 நோட்டுகளை மட்டும் எஃப்.பி.ஐ. சாட்சியமாக வைத்துக்கொண்டது. இது நியாயமான முடிவு என்பேன். அவன் எடுத்துக் கொடுக்காவிட்டால் காப்பீட்டாருக்கு ஒரு காசும் வந்திருக்காது.

கேள்வி: அந்தப் பையன் பிற்பாடு தன் பங்கு நோட்டுகளை ஏலத்தில் விற்றது சரியா?

பதில்: சரிதான். பங்காக வந்த பிறகு அவை அவருடையவை. 2008-இல் 15 நோட்டுகள் 37,000 டாலருக்கு மேல் போயின.

கேள்வி: அந்த நோட்டு ஒன்றைத் தெரியாமல் வாங்கிய கடைக்காரரிடம் அதைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முடியாது. நல்லெண்ணத்தோடு, பொருளுக்கு விலையாக வாங்கிய ரொக்கம் அவருடையதே. இல்லாவிட்டால் யாரும் துணிந்து நோட்டு வாங்க முடியாது. கூப்பரின் நோட்டு எதுவும் புழக்கத்தில் வந்ததாகத் தெரியவரவில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: மீதி 1,94,200 டாலரில் கொஞ்சம் இன்று எனக்குக் கிடைத்தால்?

பதில்: எஃப்.பி.ஐ. 2016-இல் தீவிர விசாரணையை நிறுத்திவிட்டாலும், 1976-இல், கூப்பர் உண்மையில் யார் என்று தெரியாததால், பெயர் தெரியாத ஆள்மீது போர்ட்லேண்டில் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கிறது. திருட்டுப் பணம் என்று தெரிந்தே வைத்துக்கொண்டால் நீங்களும் சிக்குவீர்கள். ஒப்படையுங்கள், எத்தனை நோட்டு என்று எழுதி ரசீது வாங்குங்கள், உங்கள் உரிமைக் கோரிக்கையை அன்றே எழுத்தில் கொடுங்கள்.