வேறொருவர் பெயரில் கிடைத்த மேசை

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள். சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் 'டேட் நைட்' என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தை வீட்டில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். "நாமும் ஒரு நாள் இப்படி வெளியே போவோம், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். பிள்ளைகளின் இரவுச் சாப்பாடு, வீட்டுப்பாடம், மாமியாரின் மருந்து வேளை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு, அவருடன் ஃபெரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். அவர் பதிவு செய்ததாகச் சொன்ன உணவகத்தில் எங்கள் பெயர் இல்லை. அடுத்த சனிக்கிழமைக்குப் பதிவு செய்திருந்தார். அவர் எதையாவது தப்பாகத்தான் செய்திருப்பார் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் அன்று மதியமே அவருக்குத் தெரியாமல் அந்த உணவகத்திற்கு அழைத்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. நாங்கள் வாசலில் நின்றிருந்தபோது பணியாளர் வேறொருவர் பெயரை இருமுறை அழைத்தார். என் கணவர் சட்டென்று கையை உயர்த்தி, "நாங்கள்தான்" என்றார். பத்து நிமிடத்தில், சூப் வந்த நேரத்தில், அந்தப் பெயருக்குரியவர் தம் மனைவியுடன் வந்து நின்றார். அவர் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மழையில் நனைந்தபடி வீடு திரும்பினோம். "படத்தில் பார்த்தபோது சிரித்தாயே, நமக்கு நடந்தால் மட்டும் சிரிக்க முடியாதா?" என்று அவர் கேட்கிறார். மூன்று வாரங்களாக வீட்டுச் செலவையும் பிள்ளைகளையும் பற்றித் தவிர வேறு பேச்சில்லை. நான் கோபப்பட்டது தவறா? இனி இப்படி வெளியே போவதில் அர்த்தம் இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அன்று உங்களால் சிரிக்க முடியாமல் போனதில் ஒரு தவறும் இல்லை. 2010ஆம் ஆண்டு ஷான் லெவி இயக்கிய அந்தப் படத்தில் ஸ்டீவ் கரெலும் டினா ஃபேயும் நடித்த ஃபில், கிளேர் தம்பதி, நியூ ஜெர்சியின் அமைதியான புறநகரிலிருந்து மன்ஹாட்டனுக்குப் போகிறார்கள். இடமே கிடைக்காத ஒரு பெரிய உணவகத்தில், அழைத்தும் வராத இன்னொரு தம்பதியின் பெயரை ஃபில் தம்முடைய பெயராகச் சொல்லி மேசையில் அமர்கிறார். அந்த உணவகத்தில் அவர்களைத் தெரிந்தவர் எவரும் இல்லை. அங்கே ஒரு பொய்ப் பெயர் ஓர் இரவு விளையாட்டாக இருக்க முடியும். நீங்கள் நீரிணையைக் கடந்தாலும் அந்நியர்களிடையே போய்விடுவதில்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படிகளில் பார்க்கும் முகத்தைத்தான் மறுவாரம் ஒரு திருமண மண்டபத்திலும், அதற்கடுத்த வாரம் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் பார்க்கிறீர்கள். பிறர் பொருளை எடுக்காதே, பொய் சொல்லாதே என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஓர் ஆசிரியை, தம் மாணவனின் தந்தைக்குரிய மேசையில் உட்கார்ந்திருந்து எழுந்திருக்க நேர்ந்தது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. இதை உங்கள் கணவர் இன்னும் உணரவில்லை என்றே தோன்றுகிறது. உணர்ந்திருந்தால் படத்தைச் சுட்டிக்காட்டி அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

இருந்தாலும் அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்து உங்களை அழைத்து வந்த மனிதர், வாசலில் நின்றபோதுதான் தேதியை மாற்றிப் பதிவு செய்ததைக் கண்டுபிடிக்கிறார். அருகில் நீங்கள், சேலை உடுத்தி, ஃபெரிக் காற்றில் கலைந்த கூந்தலைச் சரிசெய்துகொண்டு நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் பணியாளர் ஒரு பெயரை அழைக்க, பதில் வராமல் போகிறது. அவர் கையை உயர்த்தியது உங்களை அவமானப்படுத்த அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். உங்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்துவிடுவதற்குள் எப்படியாவது ஒரு மேசையைப் பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம்தான் அந்தக் கையை உயர்த்தியது. ஆனாலும் உங்களைக் கேட்காமல் உங்களையும் சேர்த்து ஒரு பொய்க்குள் இழுத்துவிட்டார். அதற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு வரி. "அவர் எதையாவது தப்பாகத்தான் செய்திருப்பார் என்று எனக்கு முன்பே தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, அவருக்குத் தெரியாமல் உணவகத்திற்கு அழைத்ததையும் சொல்கிறீர்கள்.

நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த அந்தப் படத்தை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். மேசைக்குரிய அந்தத் தம்பதி ஒரு குற்றக் கும்பல் தலைவனின் ரகசியம் அடங்கிய மெமரி ஸ்டிக்கைத் திருடியவர்கள் என்பதும், அதைத் தேடி வரும் இரு காவலர்கள் அந்தத் தலைவனுக்கு விலைபோனவர்கள் என்பதும், ஒரு காரும் டாக்சியும் முகப்போடு முகப்பு சிக்கிக்கொண்டு சேர்ந்தே ஓடுவதும் சிரிப்புக்கான ஏற்பாடுகள். படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. இவர்கள் வாரந்தோறும் தவறாமல் வெளியே போய்ச் சாப்பிடும் தம்பதிதான். அந்த மாலை மட்டும் மன்ஹாட்டனுக்குப் போகக் காரணம், நெருங்கிய நண்பர்களான ஒரு தம்பதி பிரியப் போகும் செய்தி அவர்கள் மனத்தில் விழுந்ததுதான். சண்டையோ துரோகமோ இல்லாமல், ஒரே வீட்டில் நன்றாக ஒத்துப்போகும் அறைத் தோழர்களைப் போல ஆகிவிட்டதால் அந்த நண்பர்கள் பிரிகிறார்கள். வீட்டுச் செலவும் பிள்ளைகளும் தவிர வேறு பேச்சில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் காட்சியே நினைவுக்கு வந்தது. அன்றைய மாலை பாழானதைவிட இந்த மூன்று வார மௌனமே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

பிறகு, உயிருக்குப் பயந்து ஓடும் அவசரத்துக்கு நடுவே கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசும் இடம் ஒன்று வருகிறதே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். வேறு ஆண்களைப் பற்றி எப்போதாவது நினைப்பதுண்டா என்ற ஐயம் ஃபிலுக்கு. கிளேர் சொல்லும் ஆசையோ மிகச் சிறியது. எங்காவது ஓர் ஓட்டல் அறையில், குளிர்சாதனக் காற்றில், யாரும் தொடாமல், யாரும் எதுவும் கேட்காமல், தனியாக உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஃபில் சொல்லும் பதிலும் நியாயமானது: நீ எல்லாவற்றையும் உன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாய், நான் செய்தால் தவறிப்போகும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறாய், செய்ய விட்டால்தானே நான் செய்வேன் என்கிற பொருளில் அவர் பேசுகிறார். சிரித்துக்கொண்டே பார்த்ததால் இந்த இரண்டு பேச்சும் உங்கள் வீட்டுப் பேச்சாகவும் இருக்கலாம் என்று உங்கள் இருவருக்கும் அன்று தோன்றாமல் போயிருக்கலாம்.

நீங்கள் ஒட்டிவிட்டு வந்த அந்தத் தாளுக்கு வருகிறேன். உங்கள் கணவர் "எல்லாவற்றையும்" என்று சொன்னபோது, அவர் மனத்தில் இருந்தது ஒரு மேசைக்கான பதிவு மட்டுமே. பிள்ளைகளின் சாப்பாடும் வீட்டுப்பாடமும், தம் சொந்தத் தாயாரின் மருந்து வேளையும் அந்த "எல்லாவற்றிலும்" சேரவில்லை. அவை உங்களிடமே இருந்தன. ஃபெரித் துறையை அடையும் முன்பே நீங்கள் களைத்துப் போயிருந்தீர்கள். அவரிடம் ஒப்படைத்த ஒரே வேலையிலும் கண் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். அது தவறிப்போனபோது எழுந்த கோபத்தில், பதின்மூன்று ஆண்டுகளாக இப்படி எல்லாவற்றையும் நினைவில் சுமந்த களைப்பும் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லாமல் மௌனம் மட்டும் காத்தால், தேதியை மாற்றிப் போட்ட ஒரு சிறு பிழைக்கு மூன்று வாரத் தண்டனையா என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஆகவே முதலில் பேசுங்கள். பேச்சை நீங்களே தொடங்குவது உங்களுக்குத் தோல்வி ஆகாது. பிள்ளைகள் உறங்கிய பிறகு, கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, அன்று எனக்கு வந்தது கோபத்தைவிட வெட்கம் என்று சொல்லுங்கள். அந்த மாணவனின் பெயரைச் சொல்லி, திங்கட்கிழமை காலை அவனைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். கணவர்களுக்குப் பொதுவான வார்த்தைகளைவிட இப்படி ஒரு குறிப்பான காட்சி நன்றாகப் புரியும். மதியம் அவருக்குத் தெரியாமல் உணவகத்திற்கு அழைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இது உங்களுக்குக் கடினமாக இருக்கும், கேட்கும் அவருக்கும் வலிக்கும். ஆனால் அதைச் சொல்லாத வரையில், நீங்கள் அவரிடமிருந்து எதிர்பார்க்கும் மன்னிப்பில் ஒரு பாதி அவருக்குப் புரியாமலே இருக்கும்.

மறுபடியும் வெளியே போவதில் அர்த்தம் இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு, நிச்சயமாக இருக்கிறது என்பதே என் பதில். அதற்கு முன் நீங்கள் ஒரு முறை தனியாகப் போய்வர வேண்டும். மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் உங்களுக்குத் தனிமை கிடைக்காது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளைப் பசியாற வைக்கும் பொறுப்பு முதல் மதியம் வரையிலான அத்தனை பொறுப்பையும் அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஃபெரி ஏறுங்கள். 2021 முதல் ஃபெரியில் கார்கள் ஏற்றப்படுவதில்லை என்பதால், கார் நிறுத்தும் கவலை, நெரிசல் கவலை எதுவும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு போய்வரலாம். பாடாங் கோத்தாவின் கடல் சுவர் ஓரமாக நடக்கலாம். லிட்டில் இந்தியாவில் யாருக்கும் எதுவும் வாங்காமல் ஒரு தேநீர் மட்டும் குடிக்கலாம். போகும்போது தாள் எதையும் எழுதி ஒட்டாதீர்கள். இடையில் வீட்டுக்கு அழைத்து, மருந்து கொடுத்தாயிற்றா என்றும் கேட்காதீர்கள். தம் தாயாரின் மருந்து வேளை ஒரு மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தாயாரிடமே கேட்டுக்கொள்வார். பிள்ளைகள் அன்று மதியம் மெகி மீ சாப்பிட்டிருந்தால், சாப்பிட்டதாகவே இருக்கட்டும்.

இருவரும் சேர்ந்து போகும் மாலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையும் ஏற்பாடு அவருடையதாகவே இருக்க வேண்டும். ஒரு தடவை தவறியதால் பொறுப்பை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால், அவர் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு எதற்கும் முன்வர மாட்டார். இடம் சிறியதாக இருக்கட்டும் என்று மட்டும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். கர்னி டிரைவ் ஒட்டுக்கடைகளில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காலியான மேசை யார் முதலில் உட்கார்ந்தாரோ அவருடையது. பசெம்போர் ஒரு தட்டும் செண்டோல் இரண்டு கிண்ணமும் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தால், செலவும் குறைவு, தவறிப்போக வாய்ப்பும் குறைவு. கொடிமலை ரயிலில் ஏறிப் போகும் யோசனை அவருக்கு வந்தால், பள்ளி விடுமுறை நாள்களில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வரிசையிலேயே மாலை போய்விடும். மழை வரும், கடை மூடியிருக்கும், ஃபெரி தவறிப்போகும். இவை எல்லாம் நடக்கக்கூடியவையே. அப்படி நடந்தால் இருவரில் யார் "போகலாம்" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் மற்றவர் உடனே எழுந்துவர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களிடம் இல்லாமல் போனது இந்த ஒரு வார்த்தைதான். இருந்திருந்தால், அவர் கையை உயர்த்திய கணத்திலேயே நீங்கள் அதைச் சொல்லி, இருவரும் படியிறங்கியிருக்கலாம்.

கடைசியாக, அந்த மாணவனின் தந்தையைப் பற்றி. நீங்கள் ஆசிரியை என்பதால் அவரிடம் போய் விளக்க வேண்டியவர் நீங்களே என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அது உங்கள் வேலையன்று. கையை உயர்த்தியவர் உங்கள் கணவர். பேச வேண்டியவரும் அவரே. ஒரு நாள் காலை உங்களைப் பள்ளியில் இறக்கிவிடும்போது, பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அந்தத் தந்தையிடம் அவர் இரண்டு வரி சொன்னால் போதும்: "அன்று உங்கள் மேசையில் உட்கார்ந்தது என் தவறு, என் மனைவிக்கு அதில் பங்கில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்." அவர் அதைச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். மணி அடித்திருக்கும், வகுப்புக்குப் போய்விடுங்கள்.