வளவுக்குள் வரும் பூனைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்மேற்குப் பருவமழை ஓயும் நாள்களில் கொழும்பு வீட்டுத்தோட்டக்காரர்கள் மண்ணைக் கொத்தத் தொடங்குகிறார்கள். மண் இளகிய மறுநாளே பூனையும் வந்துவிடுகிறது. ஒரே மனக்குறையோடு வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டின் பின்புறத்தில் ஆறடிக்கு நான்கடி அளவில் ஒரு பாத்தி கட்டி, தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி முளைக்கீரை விதைத்தேன். மூன்றாம் நாளே நடுப்பகுதியைக் கிண்டி அசுத்தம் செய்துவிட்டது. மறுபடி விதைத்தாலும் அதே கதை. மதிலை உயர்த்துவதா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: மதிலை உயர்த்திப் பணத்தை வீணாக்க வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ள பூனைக்கு ஐந்தடி மதில் ஒரே தாவல். பக்கத்தில் ஒரு மாமரக் கிளையோ குளிரூட்டியின் வெளிப்பெட்டியோ இருந்தால் அதுவும் தேவையில்லை. சிலர் மதிலின் மேல் பதிக்கும் போத்தல் ஓடுகளுக்கிடையே பூனை காலை வைத்து நடக்கப் பழகிக்கொள்ளும். தவறினால் காயம்தான் மிச்சம்.

உங்கள் பாத்தியைப் பூனையின் இடத்திலிருந்து பாருங்கள். அது மலம் கழிக்கத் தேடுவது உலர்ந்த, இளகிய, கால் வைத்தால் வழிவிடும் மண்ணை. கடையில் பணம் கொடுத்து வாங்கும் பூனை மணலைவிடத் தரமான ஒன்றை நீங்கள் தும்புத்தூள் கலந்து ஆயத்தம் செய்து கொடுத்திருக்கிறீர்கள். என் வீட்டு முற்றத்தில் மிளகாய் நாற்று போட்ட ஆண்டில் வெள்ளையும் மண்ணிறமும் கலந்த ஒரு கடுவன் பூனையை யன்னலுக்குள் இருந்து கவனித்திருக்கிறேன். அது பாத்தி ஓரத்தில் நின்று, முன்காலால் இரண்டு தரம் வறண்டிப் பார்த்து, மண் இடம் கொடுத்தால் மட்டுமே உள்ளே இறங்கும். விரல் நகத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் காலை உதறிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். அந்த இரண்டு வறண்டலுக்குள் அதன் எண்ணத்தை மாற்றுவதுதான் நம் வேலை.

ஹாட்வெயார் கடையில் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலை கிடைக்கும். ஓர் அங்குலக் கண் உள்ளதாக வாங்கி, பாத்தியின் அளவுக்கு வெட்டி, வெட்டிய முனைகளைக் கீழே மடித்து மண்ணின் மேல் விரித்து, அரை அங்குலத்துக்கு மண் தூவி அதன் மேல் விதையுங்கள். கீரையின் வேர் கண்களினூடாகக் கீழே இறங்கும். பூனையின் நகம் கம்பியில் மாட்டும். ஆனால் அறுவடையின்போது கீரையை வேரோடு பிடுங்காமல் கத்தியால் அறுக்க வேண்டும், இல்லையேல் வலையும் கூடவே எழும்பும். நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை பாத்தியைக் காலையிலும் மாலையிலும் ஈரமாக வைத்திருங்கள். ஈரமண்ணைப் பூனை விரும்புவதில்லை.

பூச்சாடிகளுக்கு வலை தேவையில்லை. உடைத்த சிரட்டைத் துண்டுகளைச் செடியைச் சுற்றி நெருக்கமாகக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன்: மல்லாந்து கிடக்கும் சிரட்டையில் ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கிவிடும், பிறகு டெங்கு நுளம்புக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்னொன்றும் பாருங்கள். மதிலோரத்தில் குப்பைமேனி தானாக முளைத்திருக்கிறதா? அதன் வேரின் வாசனைக்குப் பூனைகள் மயங்கி, தோண்டி எடுத்துக் கடித்து, அதன்மேல் புரளும். பழைய மருத்துவர்கள் அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர் வைத்தது இதனால்தான். மருந்துக்கென்று வளர்ப்பவராயின் வளவின் ஒதுக்குப்புறத்தில் வளருங்கள். கீரைப் பாத்திக்கு அருகே வேண்டாம்.

கேள்வி: நீலம் கலந்த தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டால் பூனை வராது என்றார்கள். பலனில்லை. அலுமாரியில் போடும் பூச்சி உருண்டை, மிளகாய்த்தூள், பினாயில் ஆகியவற்றில் எது நல்லது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: மூன்றுமே வேண்டாம். பூச்சி உருண்டையில் பெரும்பாலும் இருக்கும் நப்தலீன் பூனைக்கு நஞ்சு. வெள்ளை மிட்டாய் போலத் தெரிவதால் சிறுபிள்ளைக்கும் ஆபத்து. பினோல் வகைக் கிருமிநாசினிகளைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மிதித்த காலை அது நக்கித்தான் சுத்தம் செய்யும், ஆகவே தரையில் ஊற்றியது வயிற்றுக்குள் போகும். மிளகாய்த்தூளும் அதே வழியில் கண்ணுக்கும் வாய்க்கும் போய் வதைக்கும். தோடம்பழத் தோலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் தீங்கில்லை, ஆனால் கொழும்பின் பின்னேர மழைக்கு அது ஒரு நாளும் தாங்காது. நீலப் போத்தலைப் பற்றி நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா தெருப்பூனைகள் ஆறேழுக்குச் சோறு வைக்கிறார். அசுத்தம் மட்டும் எங்கள் வளவில். பிடித்துச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் என் மருமகன். (தெஹிவளை வாசகர்)

பதில்: மருமகனைத் தடுத்துவிடுங்கள். சாக்கில் கட்டி எடுத்துப் போவதில் பூனை படும் பாடு ஒருபுறம் இருக்க, விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படியே குற்றம். பயனும் இல்லை: சோறு வைக்கும் இடம் அப்படியே இருக்க, காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வரும். பெண் பூனை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். ஆண்டில் இரண்டு மூன்று ஈற்றும் சாதாரணம்.

அந்த அம்மாவிடம் குற்றம் சொல்லப் போகாமல் உதவி கேட்கப் போங்கள். அந்தப் பூனைகள் நம்பி அருகில் வருவது அவரிடம் மட்டுமே, ஆகவே கருத்தடைச் சத்திர சிகிச்சைக்குப் பிடித்துத் தரக்கூடியவரும் அவர்தான். செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வாருங்கள்; இலவச முகாம் ஏதும் நடக்கிறதா என்று உங்கள் மாநகர சபையில் விசாரியுங்கள். தெஹிவளை, கொழும்பு மாநகர சபைக்குள் அடங்காது, தெஹிவளை - கல்கிஸ்ஸை சபைக்கு உரியது என்பதை மறந்து பலர் ஓர் அலுவலகத்திலிருந்து மறு அலுவலகத்துக்கு அலைகிறார்கள். சோற்றை நேரம் வைத்துக் கொடுத்து மிச்சத்தை உடனே எடுத்துவிடும்படியும், அவருடைய வளவு மூலையில் இரண்டடிச் சதுரத்துக்கு மணல் கொட்டி வைக்கும்படியும் கேளுங்கள். உங்கள் பாத்திக்கு வலையும் அங்கே மணலும் ஒரே வாரத்தில் வந்தால், இடமாற்றம் தானாக நடக்கும்.

மோட்டார் சைக்கிள் இருக்கையிலும் கேற்றிலும் மூத்திர நாற்றம் என்று எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் நலமெடுக்காத கடுவன் தன் எல்லையைக் குறிக்கப் பீச்சுவது. நலமெடுத்தால் பெரும்பாலான கடுவன்களிடம் குறைந்துவிடும். கழுவுவதற்கு நொதி சேர்த்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள். அமோனியா கலந்த திரவம் மூத்திரத்தை ஒத்த வாசனையால் அதை மீண்டும் அழைக்கும். வெளிற்றும் திரவத்தை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் நச்சு வாயு எழும்.

கேள்வி: என் மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. எங்கள் வல்லாரைப் பாத்தியில் பூனை போய்வருகிறது. பயப்பட வேண்டுமா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும். சில பூனைகளின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் வெளிவரும். அவை தொற்றும் நிலைக்கு முதிர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் எடுக்கும்; ஆகவே அன்றன்றே, மகள் அல்லாத வேறொருவர், கையுறை போட்டு அள்ளி அகற்றினால் ஆபத்தில் பெரும்பகுதி நீங்கும். ஆனால் ஈரமண்ணில் தங்கிவிட்டவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வல்லாரை விடயத்தில் நான் கடுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: நாம் அதைப் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம். உப்புத் தண்ணீரிலோ வினாகிரியிலோ ஊறவைப்பது இந்த ஒட்டுண்ணியைக் கொல்லாது, நன்றாகச் சமைத்த சூடுதான் கொல்லும். பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பாத்தியின் வல்லாரையைச் சம்பலாக மகளுக்குக் கொடுக்காதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடமும் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: தொட்டி மீன்கள் இரவில் காணாமற்போகின்றன. ஒரு நாள் ரோர்ச் அடித்தபோது பெரிய சாம்பல் நிறப் பூனை ஒன்று தண்ணீருக்குள்ளேயே நின்றது. வீட்டுப் பூனை தண்ணீரில் இறங்குமா? (பத்தரமுல்லை வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வீட்டுப் பூனை கரையில் இருந்து காலால் அள்ளப் பார்க்குமே தவிர இறங்கி நிற்பது அரிது. உடலில் வரிசையாகக் கரும்புள்ளிகளும், கட்டையான வாலும், வீட்டுப் பூனையைப்போல் இருமடங்கு பருமனும் இருந்தால் நீங்கள் கண்டது மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட கொழும்பில், தலவத்துகொடை தியசரு பூங்கா போன்ற சதுப்புகளில் அது வாழ்கிறது. பத்தரமுல்லை அதற்குத் தூரமில்லை. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பொறி வைப்பதோ நாயை ஏவுவதோ கூடாது. பொழுது சாயும்போது சட்டம் அடித்த கம்பிவலையால் தொட்டியை மூடுங்கள், அடியில் நான்கங்குலக் குழாய்த் துண்டுகள் இரண்டு மூன்றைப் போட்டு மீன் ஒளிய இடம் கொடுங்கள், கரையோரப் படிக்கல்லை அகற்றுங்கள். மதிலின் மேல் விதைகள் நிறைந்த எச்சத்தையும் கண்டால் அது மரநாயின் வேலை. அதன் கணக்கைப் பூனையின் தலையில் எழுதாதீர்கள்.